குச்சி இல்லாத சரக்கு

அன்று ருசி அறையில் இருந்தவர்களின் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் தான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. தலைவர் குமாரசாமி, நாற்பது வருடம் தேயிலை ருசி பார்த்து ஓய்வு பெற்றவர். செயலாளர் நவநீதன், ஏலக் கூடத்தில் சுத்தியல் தட்டியவர். உறுப்பினர் காளியம்மாள், ஃபாக்டரியில் தூளிலிருந்து குச்சி பொறுக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். குறிப்பெழுதும் பிரிஸில்லா. கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் மருமகள் மனிஷா. கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஸ்தாபகர் நாற்காலிக்குப் பக்கத்தில், மாரப்பனாகிய நான். அந்த நாற்காலி எங்கள் குடும்பத்துடையது. அன்று நான் அதில் உட்காரவில்லை. உட்காரும் பொறுமை எனக்கு இல்லை.

குன்னூர்த் தேயிலைத் தொழில்துறையினர் பரஸ்பரக் கொள்முதல் சங்கத்தைத் தொடங்கியவர் என் தகப்பனார் நஞ்சப்பன். பெரிய தோட்டத்தின் பெயர் போட்ட மூட்டையில் சாயம் ஏற்றிய தூளைக் கட்டி விற்ற காலம் அது. பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். ஆகவே அவர் ஒரு விதி எழுதினார். மாதிரி பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது; பார்க்கிறவருக்கு அது எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று தெரியவும் கூடாது. தேயிலைக்கு மிக நல்ல விதி. பிறகு சங்கம் வளர்ந்தது. தேயிலை வாங்குவதை விட்டு உறுப்பினர்களின் வீட்டுக்கு வேண்டிய பீரோ, கிரைண்டர், பம்பு செட் எல்லாம் வாங்கித் தந்தது. விதி மட்டும் வளரவில்லை, அப்படியே இருந்தது. அதுதான் எங்கள் பெருமை.

எங்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் சங்கத்தின் ருசி மேசையைத் தாண்டி வந்ததுதான். என் காது கேட்கும் கருவியையும் மூன்று கருவிகளுக்குள் பெயர் மறைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மிக உயர்ந்த கருவி. இடது காதுக்கானது. எனக்குக் கேளாதது வலது காது.

மனிஷா திருப்பூர்ப் பெண். இங்கே ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். முப்பத்தொரு வயது. அவளுக்குக் கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிற விளையாட்டில் பெயர் உண்டு என்பது எனக்குத் தெரியவே வெகுநாள் ஆயிற்று. மாநிலப் பெண்கள் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள், இவளைத் தேர்வுப் பந்தயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தபடியே ஓட்டிக் காட்ட வேண்டும், அதற்கு வேகமான சொந்த இயந்திரம் வேண்டும் என்றாள். இதுவரை தம்பியின் பழைய லேப்டாப்பில் ஓட்டியிருக்கிறாள். அது திருப்பங்களில் நின்று நின்று போகிறதாம். ஞாயிறன்று ஓட்டாவிட்டால் அவள் இடம் காத்திருக்கும் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும்.

விளையாட்டு எனக்குப் பிடிக்காது. ஆனால் எங்கள் வீட்டுப் பெண் ஓரிடத்தில் பெயர் கொடுத்துவிட்டு அங்கே போகாமல் இருப்பது அதைவிடப் பிடிக்காது.

"மாமா, காந்திபுரத்துல ஒரு கடை இருக்குதுங்க. சுபின்னு ஒருத்தர். சாமானுக்கு லிஸ்ட்டுப் போட்டு வெச்சிருக்கறேன். செட்டா வாங்குனாச் செலவு கம்மிங்க. போய் எடுத்துட்டு வந்து நானே மாட்டிக்கறேன்" என்றாள்.

"நம்மூட்டுல வெளிய எதையும் வாங்கறதில்லை, கண்ணு."

"அப்பறம் கடையெல்லாம் யாருக்குங்க மாமா தொறந்து வெச்சிருக்கறாங்க?"

"மத்தவங்களுக்கு."

அவள் என் மகன் அஸ்வந்தைப் பார்த்தாள். அவன் கூடலூரில் வேலை பார்க்கிறவன், வாரத்துக்கு ஒருமுறை வருகிறவன், அன்று வந்திருந்தான். சுவரைப் பார்த்தான். அவனும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

ஆக, விண்ணப்பம் சங்கத்துக்குப் போயிற்று. சங்கம் தன் கடிதத்தாளில் சுபின் கடைக்கு எழுதியது: ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு தோட்டத்து மாதிரிகள் அனுப்புக. மலையாளியான சுபின் எனக்குப் போன் செய்தார்.

"சார், பதினஞ்சு வருஷமா கடை நடத்தறேன். கம்ப்யூட்டருக்கு சாம்பிள் கேட்டு லெட்டர் எழுதின ஆளை இப்பதான் பாக்கறேன் கேட்டோ. எந்தத் தோட்டம் சார்? எங்க கிட்ட தோட்டம் ஒண்ணும் இல்லையே."

"கம்பெனின்னு வெச்சுக்குங்க."

"அப்ப மேடம் கேட்ட செட்டு ஒண்ணு, அதுக்கு எதிர்க் கம்பெனி செட்டு ஒண்ணு அனுப்பறேன். எது வேணுமோ எடுத்துட்டு மத்ததைத் திருப்பி விடுங்க. ஆனா சார், ஒரு செட்டுன்னா ஒரு செட்டு. கலக்கிரக் கூடாது."

இதை நான் தலைவரிடம் சொன்னேன். குமாரசாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏனுங்க மாரப்பண்ணா, வியாபாரி அப்படித்தானுங்க சொல்லுவான். ஒரே தோட்டத்து எலைய வெச்சு நல்ல டீ வந்து நீங்க குடிச்சிருக்கறீங்களா? கலவைதானுங்க டீ."

பந்தய வாரத்துச் செவ்வாய்க்கிழமை அட்டைப் பெட்டிகள் வந்தன. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ருசி அறையின் நீண்ட மேசையில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் சாமான்களை இரண்டு வரிசையாக வைத்தார்கள். விண்ணப்பதாரர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும், பேசக் கூடாது. ருசி பார்க்கும்போது தோட்டத்து முதலாளிகள் கண் காட்டிவிடுவார்கள் என்பதற்காக வந்த ஏற்பாடு. மனிஷா நின்றாள். அவள் விரல்கள் மட்டும் கயிற்றின்மேல் இல்லாத ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தன.

முதல் வேலையாக, பெயர் மறைத்தல். பிரிஸில்லா ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் சின்னக் கத்தியும் கொண்டுவந்து, ஒவ்வொரு சாமானிலும் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டை, எண் சீட்டை, வெள்ளிச் சீட்டை எல்லாம் சுரண்டி எடுத்தாள்.

"அய்யோ, அது வாரண்டி ஸ்டிக்கருங்க! அதை எடுத்தாக் கடையில திருப்பி வாங்க மாட்டாங்க!" என்றாள் மனிஷா.

"விண்ணப்பதாரர் பேசியதாகக் குறிப்பெழுதிக்கொள்" என்றார் நவநீதன்.

"எழுதிட்டனுங்க சார்" என்றாள் பிரிஸில்லா, சுரண்டியபடியே.

அடுத்து பிராசஸர். கம்ப்யூட்டரின் மூளை அதுதான் என்று மனிஷா வீட்டில் எனக்குச் சொல்லியிருந்தாள். பிஸ்கட் துண்டு அளவுக்கு இரண்டு சதுரங்கள். ஒன்றின் அடிப்பக்கம் வெறும் தட்டை. இன்னொன்றின் அடிப்பக்கம் முழுவதும் மயிரிழை போல மெல்லிய தங்கநிறக் கம்பிகள். காளியம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கி இரண்டாவதைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"என்னங்க தலைவரே இது, அடியில பூராங் குச்சி!"

தேயிலைத் தூளில் குச்சி இருந்தால் அது இரண்டாம் தரம். ஒரு குச்சி இருந்தாலே விலை இறங்கும். இதில் ஆயிரத்துக்கு மேல் இருந்தது.

"நான் பாத்த காலத்துல இப்படி ஒரு சரக்கு ஃபாக்டரி வாசல் தாண்டாதுங்க. சித்த அந்தச் சாமணத்தை எடு, பிரிஸில்லா. பொறுக்கி எடுத்துப் பாக்கலாம். பொறுக்கிட்டா மொதத் தரந்தான்."

"தொடாதீங்க!" மனிஷா கயிற்றைத் தாண்டியே விட்டாள். காளியம்மாளின் கையிலிருந்து அந்தச் சதுரத்தை வாங்கிப் பஞ்சுக்குள் வைத்துவிட்டு மறுபடி கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. "அதுதானுங்க என் லிஸ்ட்டுல இருக்கறது."

"அதனாலதான் கண்ணு நாங்க இருக்கறோம். உன்னை விட்டா நீ குச்சிய வாங்கிட்டு வந்துருவ" என்றார் காளியம்மாள், கோபமில்லாமல்.

தட்டையானது தேர்வாயிற்று. நவநீதன் சுத்தியலைத் தட்டினார்.

பிறகு மதர்போர்டு. எல்லாவற்றையும் தாங்குகிற பலகை. இரண்டு பலகைகளிலும் பிராசஸர் உட்காரும் இடம் சதுரமாக இருந்தது. ஒன்றில் சின்னச் சின்ன ஓட்டைகள். மற்றதில் எழும்பி நிற்கும் கம்பிகள்.

"இதுலயும் குச்சி!" என்றார் காளியம்மாள். நீதி தவறாதவர். கம்பியுள்ள பலகையும் கழிக்கப்பட்டது. ஓட்டையுள்ளது தேர்வாயிற்று. சுத்தியல் விழுந்தது.

மனிஷா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது எனக்குக் காரணம் தெரியாது. பிறகு படிக்கட்டில் இறங்கும்போது சொன்னாள்.

"மாமா, ஒரு கம்பெனிக்காரன் பின்னை பிராசஸர்ல வெச்சான், போர்டுல ஓட்டை போட்டான். இன்னொருத்தன் பின்னை போர்டுல வெச்சான், பிராசஸரைத் தட்டையா உட்டுட்டான். எங்கியாச்சும் ஒரு பக்கம் பின் இருந்தாத்தானுங்க ரெண்டும் சேரும். இவங்க ரெண்டு பக்கமும் பின் இல்லாததாப் பாத்துப் பொறுக்கியிருக்கறாங்க. வேணும்னு தேடுனாக்கூட இப்படி அமையாதுங்க."

ஆனால் அது பிற்பாடு. அறையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. ராம் என்ற நினைவுப் பட்டைகள் ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் ஜோடியாக வந்திருந்தன. "ஜோடி எதுக்கு? இந்தத் தோட்டத்துல ஒண்ணு, அந்தத் தோட்டத்துல ஒண்ணு. அதுதான் பிளெண்டு" என்று தலைவர் ஜோடிக்கு ஒன்றாக எடுத்தார். இரண்டு பட்டைகளிலும் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருந்தது எனக்கே தெரிந்தது.

கிராபிக்ஸ் கார்டைத் தலைவரே பார்த்தார். படம் காட்டுவதெல்லாம் அதுதானாம். இரண்டையும் மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தார். நாற்பது வருடப் பழக்கத்தில் பக்கத்திலிருந்த தொட்டியில் துப்பினார்.

"இதுல பாடி இருக்குது, கனமான சரக்கு. பிரிஸ்க் இல்லை, சுறுக்குன்னு இல்லை. அதுல லேசா வறுபட்ட வாசம். அடுப்புல சித்த கூட நேரம் நின்ன சரக்கு." யோசித்தார். "வறுபட்டது வேண்டாம்."

பவர் சப்ளை என்கிற கனமான பெட்டியில் காளியம்மாளுக்கும் தலைவருக்கும் சின்னத் தகராறு. கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதையே எடுக்கலாம் என்றார் காளியம்மாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மனிஷா முதல் முறையாகத் தலையை ஆட்டினாள். அதுதான் அவள் எழுதிக் கொடுத்தது. உடனே நவநீதன் குறுக்கிட்டார்.

"கனமா இருந்தா என்ன அர்த்தமுங்க? ஈரம் ஏறியிருக்குதுன்னு அர்த்தம். ஈரச் சரக்கை எடை போட்டு வித்தவங்களை எத்தனை பேரை நாம ஏலத்துலிருந்து தள்ளி வெச்சோம்? மறந்துட்டீங்களா காளியம்மா?"

காளியம்மாள் வெட்கப்பட்டு லேசானதை எடுத்தார்.

கடைசியாகக் கேபினெட். எல்லாவற்றையும் வைத்து மூடும் டப்பா. ஒன்று முன்பக்கம் வலை போட்டுக் காற்றோட்டமாக இருந்தது. மற்றது நாலு பக்கமும் மூடிய இரும்பு. தேயிலை டப்பாவில் காற்றுப் போனால் என்ன ஆகும் என்று குன்னூரில் குழந்தைக்கும் தெரியும். மூடியது தேர்வாயிற்று. அதிலும் பின்பக்கம் சில ஓட்டைகள் இருந்தன. பிரிஸில்லாவை விட்டுக் கோந்துத் தாள் ஒட்டச் சொன்னார்கள். எஸ்எஸ்டி என்று ஒரு சின்னப் பட்டை இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் கையில் கிடைத்ததை எடுத்தார்கள். குழு சரியாகச் செய்த ஒரே தேர்வு அது.

அன்று சாயங்காலம் நான் சுபினுக்குப் போன் செய்தேன்.

"ஸ்டிக்கர் எல்லாம் சுரண்டிட்டாங்களா? சார்..." என்றார். "அப்ப எல்லாம் உங்க சங்கத்துக்கேதான் சார். நான் திருப்பி எடுக்க முடியாது."

சங்கம் கலங்கவில்லை. மாதிரிச் செலவு என்று ஒரு தலைப்பு எப்போதும் உண்டு. கழித்த சரக்கு சங்கத்தின் பொறுப்பு என்று தீர்மானமாயிற்று. கழிவுத் தேயிலையை யாரும் மறுபடி விற்றுவிடாதபடி சுண்ணாம்பு கலந்து அழிக்க வேண்டும் என்பது பழைய நடைமுறை. சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சங்க முற்றத்தில், உறுப்பினர்கள் முன்னிலையில், கழித்த கம்ப்யூட்டர்ச் சாமான்கள் சுண்ணாம்பில் அமிழ்த்தப்படும்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. தேர்வான சரக்கு விண்ணப்பதாரர் கையில் ஒப்படைக்கப்படும் முன் ருசி மேசைமேல் ஓடிக் காட்ட வேண்டும். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் டீயும் மொறுமொறு வர்க்கியும். மனிஷா அலுவலகத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். சாமான்களைச் சேர்த்துக் காட்டச் சொன்னபோது கையைக் கட்டிக்கொண்டாள்.

"சேராதுங்க."

"ஏன் சேராது?"

"ஒண்ணு ஆண் பிளக்குன்னா இன்னொண்ணு சாக்கெட்டா இருக்கோணுமுங்க. நீங்க ரெண்டு சாக்கெட்டை எடுத்து வெச்சிருக்கறீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நவநீதன் சிரிக்கவில்லை. தட்டைப் பிராசஸரை ஓட்டைப் பலகைமேல் வைத்துக் கோந்துத் தாளால் குறுக்கே ஒட்டினார். வெட்டு ஒத்துப்போகாத ராமை நூலால் கட்டினார். இரும்பு மூடியைப் போட்டார். திரைக்கும் சுவருக்கும் கம்பி போயிற்று. மாலை போட்டார்கள். தலைவர் பேசினார்.

"பெரியோர்களே! இந்தச் சங்கம் ஆரம்பிச்ச நாளிலிருந்து ஒரு பொருளைக்கூடத் தெரிஞ்சு வாங்கினதில்லீங்க. தெரிஞ்சவன் கையில குடுத்தா என்ன ஆகும்? அவனுக்குப் பிடிச்சதை வாங்குவான். தெரியாதவனுக்கு? பிடிக்கறதுக்கே ஒண்ணும் இருக்காது. அதுதான் நடுநிலை. எங்க குழுவுல கம்ப்யூட்டரைத் தொட்டவங்க ஒருத்தர்கூட இல்லைன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன். இந்தப் பொண்ணுக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். அதனாலதான் அவளைக் கயித்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தினோம்!"

கைத்தட்டல் ஓய நேரம் ஆயிற்று. தலைவர் சுவிட்சைப் போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. திரை கறுப்பாக இருந்தது. வெளியே ரயில் கூவியது. எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். குமாரசாமி குனிந்து இரும்பு டப்பாவில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"சத்தமே இல்லை பாருங்க! மட்டமான மிசினுன்னா இரையும்."

மறுபடி கைத்தட்டல்.

"ஓடலைங்க" என்றாள் மனிஷா. "நாளானைக்குப் பந்தயமுங்க. இது ஓடவே ஓடாதுங்க."

நவநீதன் எழுந்தார். "சுத்தியல் விழுந்த சரக்கைப் பத்திப் பேசறது ஏல முறைக்கு விரோதமுங்க. ஓடலைங்கறது இந்தப் பொண்ணோட அபிப்பிராயம். சங்கத்துக்கு வேண்டியது தீர்மானம். நூறு கோப்பை ருசி பார்த்து நாம தரம் சொல்றோம். கடையில டீ குடிச்சவனுக்கு வயிறு நிறைஞ்சுதான்னு யாராச்சும் போய்க் கேக்கறாங்களா? கம்ப்யூட்டர் ஓடியது என்பவர்கள் கை தூக்கலாம்."

வர்க்கி பிடித்திருந்த கைகள் கீழே இருந்தன, மற்ற கைகள் எழுந்தன. காளியம்மாள் இரண்டு கையையும் தூக்கினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்தாபகர் குடும்பம் கை தூக்காமல் எந்தத் தீர்மானமும் இந்தச் சங்கத்தில் நிறைவேறியதில்லை.

நான் மனிஷாவைப் பார்த்தேன். இத்தனை நாளும் மேசைமேல், கயிற்றின்மேல், சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் எல்லாம் ஓடிக்கொண்டே இருந்த அவள் விரல்கள் நின்றுபோயிருந்தன. எனக்குக் கையைத் தூக்க வரவில்லை.

"மாரப்பண்ணா, கை" என்றார் குமாரசாமி மெதுவாக.

"தூக்க முடியலீங்க."

"தோள்பட்டை வலியா?"

"இல்லீங்க. ஓடலை."

"மாரப்பண்ணனுக்குத் தோள்பட்டை வலி. ஏகமனதாக நிறைவேறியது" என்று நவநீதன் பிரிஸில்லாவிடம் சொன்னார். சுத்தியல் விழுந்தது.

ஓடிய கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலையோடு.

அன்று ராத்திரி வீட்டில் நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அஸ்வந்த் கூடலூரிலிருந்து வந்து இரும்பு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். மனிஷா செல்போனில் குழுவுக்கு ஏதோ எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள்.

"என்ன எழுதற?" என்றேன்.

"என் எடத்தை அடுத்த பொண்ணுக்குக் குடுத்தரச் சொல்லி எழுதறனுங்க மாமா. கடைசி நேரத்துல சொன்னா அவங்களுக்குக் கஷ்டமுங்க."

"அனுப்பாத."

"அனுப்பாம?"

"அந்தக் குச்சி வெச்சது இருந்தா இது ஓடுமா?"

அவள் நிமிர்ந்தாள். "அந்தப் பிராசஸர், அதோட ராம்ல இன்னொரு பட்டை, கனமான பவர் சப்ளை, வலை போட்ட டப்பா. மத்ததெல்லாம் இங்கயே இருக்குதுங்க. ஆனா அதெல்லாம் காத்தால சுண்ணாம்புக்குப் போகுதுங்களே."

"அனுப்பாத" என்றேன் மறுபடியும்.

சனிக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம் நிறையச் சுண்ணாம்பு கலக்கி வைத்திருந்தார்கள். காளியம்மாள் முழங்கை வரை ரப்பர் உறை மாட்டியிருந்தார். கழித்த சாமான்கள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. மேலே பஞ்சுக்குள் அந்தச் சதுரம்.

"வாங்க மாரப்பண்ணா, தோள்பட்டை எப்படி இருக்குது?" என்றார் தலைவர்.

"நல்லா இருக்குதுங்க. இந்தப் பெட்டிய நான் எடுத்துட்டுப் போறேன்."

"இது கழிவுச் சரக்குங்களே!"

"தெரியுமுங்க."

"ஏனுங்க, நஞ்சப்பனய்யா குடும்பத்துல கழிவுச் சரக்கா? குச்சி வெச்ச சரக்கு உங்கூட்டு மேசையில இருந்தா ஊர் என்னங்க பேசும்?"

"எங்கூட்டுப் பொண்ணு நாளைக்கு ஒரு எடத்துல பேரு குடுத்திருக்கறா. அவ போகலைன்னா ஊர் அதைப் பேசும். எனக்கு அது ஆகாது."

நவநீதன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சங்கச் சரக்கை உறுப்பினர் எடுத்துப் போக வழி இல்லை என்றார். விதி அவர் சொன்னபடிதான் இருந்தது. அதை எழுதியவர் என் தகப்பனார். சட்டைப் பையிலிருந்து ஸ்தாபகர் பங்குச் சான்றை எடுத்து டிரம் பக்கத்திலிருந்த முக்காலியில் வைத்தேன். அது இருக்கும்வரைதான் எங்களுக்கு நாற்காலியும் உறுப்பினர் உரிமையும்.

"இதுக்கு அது சரியாப் போச்சுங்க" என்றேன்.

காளியம்மாள் உறையைக் கழற்றிவிட்டுப் பஞ்சை இன்னும் இறுக்கமாக அந்தச் சதுரத்தைச் சுற்றிச் செருகினார். "குச்சி வளஞ்சிருமுங்க, பாத்துத் தூக்குங்க" என்றார். பெட்டியைத் தூக்கினேன். கனம்தான்.

மத்தியானத்துக்குள் மனிஷா சாப்பாட்டு மேசைமேல் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சேர்த்தாள். குச்சிகள் ஓட்டைகளுக்குள் போயின. அழுத்தவே தேவைப்படவில்லை, வைத்ததும் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் அந்த இயந்திரம் இரைந்தது. மட்டமான மிசின் போல நன்றாக இரைந்தது. திரையில் வெளிச்சம் வந்தபோது அஸ்வந்த் "அடேங்கப்பா" என்றான். மனிஷா சட்டென்று எழுந்து உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை நான் முழுவதும் நின்றுகொண்டே பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிறையக் கார்கள் ஒரு மலைப்பாதையில் போயின. நீலக் கார்தான் நம்முடையது என்றான் அஸ்வந்த். அது திருப்பங்களில் நிற்கவில்லை. முதலில் நான்காவதாக இருந்தது, பிறகு இரண்டாவதாக வந்தது, முடியும்போது இரண்டாவதாகவே முடிந்தது. குழுவுக்கு மூன்று பேரை எடுத்தார்கள். இரண்டாவது பெயர் மனிஷா, ஊர் குன்னூர் என்று திரையில் வந்தது. பெயரில் எழுத்துப் பிழை இல்லை என்று பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். குழுவின் தேர்வில் ஓடிய கம்ப்யூட்டர் மாநிலம் வரை சென்றது என்றும், நடுநிலையான ருசி முறைக்கு இது இன்னொரு சான்று என்றும், இதைத் தொடர்ந்து உறுப்பினர் ஒருவரின் கண்கண்ணாடிக்கு மாதிரிகள் கேட்டு எழுதப்பட்டுள்ளதாகவும் அதில் இருந்தது. கீழே தலைவரின் கையெழுத்து. அதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. நான் இப்போது அங்கே உறுப்பினன் இல்லை.

ஆனால் மார்க்கெட்டில் வேறொரு பேச்சு நடக்கிறது. சனிக்கிழமை இருட்டிய பிறகு நான் சங்கத்தின் பின்பக்கத்துத் தகரத்தை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்து, கழிவுச் சரக்கைத் திருடிக்கொண்டு போனேன் என்று சொல்கிறார்கள். அது தவறு. பட்டப்பகலில் போனேன். முன்வாசல் வழியாக.